விடியலுக்கு முன் ஏரிக்கரையில் ஒரு பாடம்

ஏரித் தண்ணீரின் உடல்நிலையைப் பார்க்க ஏற்ற நேரம் எது? சூரியன் எழுவதற்குச் சற்று முன்பு. பகல் முழுவதும் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை நீரில் விடுகின்றன. இரவில் அதே பாசிகளும் மீன்களும் அடிச்சேற்றிலுள்ள பாக்டீரியாக்களும் அதைச் சுவாசித்துத் தீர்க்கின்றன. சாக்கடை கலந்து பச்சைப் பசேலென்று கிடக்கும் ஏரியில் காலை பதினோரு மணிக்கு அளந்து பாருங்கள், ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். அதே ஏரியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து தவித்திருக்கும். கல்லூரிப் பேருந்து பத்து மணிக்குக் கிளம்பினால் மாணவர் எடுக்கும் அளவு சரியாகவே இருக்கும். அதை வைத்து அவர் எழுதும் முடிவுதான் தவறிப்போகும்.

நன்னீர் அறிவியலில் வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகளை எங்கே, எப்படிப் பழக்குவது என்பதற்கு இதுவே பதில் என்று நினைக்கிறேன். தண்ணீர் இருக்கும் இடத்தில், தண்ணீரின் நேரத்தில் பழக்க வேண்டும்.

இதற்கு விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த லாயோஷ் விங்க்லர் என்ற இளம் வேதியியலாளர் 1888-இல் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது. 300 மில்லி கண்ணாடிக் குப்பியை நீருக்குள் அமிழ்த்தி, ஒரு குமிழிகூட உள்ளே தங்காமல் நிரப்பி மூட வேண்டும். கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டுக் குப்பியைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினால் உள்ளே திப்பிதிப்பியாக வீழ்படிவு இறங்கும். அது பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றுவிட்டால் அந்த நீரில் மூச்சே இல்லை. ஆய்வகத்துக்கு வந்து அமிலம் சேர்த்தால் படிவு கரைந்து பொன்மஞ்சளாகும். சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறும்போது ஸ்டார்ச் சேர்த்தால் நீலம் பிறக்கும். அந்த நீலம் மறையும் சொட்டுதான் கணக்கு.

30 டிகிரி வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம். ஐந்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலான மீன்களுக்கு நிம்மதி. இரண்டுக்குக் கீழே போனால் பலவும் பிழைப்பது கடினம். ஒரு மாணவி விடியலில் ஒன்று, நடுப்பகலில் ஒன்று என இரண்டு குப்பிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் ஓடும் ‘யூட்ரோஃபிகேஷன்’ (நீரில் ஊட்டச்சத்து மிகுந்து பாசி பெருகுவது) அவளுக்கு ஆயுளுக்கும் மறக்காது.

ஏரியையே ஆய்வகமாக்கிய நாடும் உண்டு. கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில், 1968 முதல் சிறு ஏரிகளை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள்; இன்று அவை 58. 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226 என்ற எண் கொண்ட ஏரியின் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தனர். இரு பாதிக்கும் கார்பனும் நைட்ரஜனும் கொடுத்து, ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தனர். அந்தப் பாதி பச்சையாக மாறியது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம், சலவைத்தூளில் பாஸ்பரஸைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்துக்குப் பெரிய பலமானது. இன்றும் மாணவர்கள் அங்கே தங்கி வேலை கற்கிறார்கள்.

நம்மிடம் தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. அங்கே சாலையும் கட்டடமும் பார்க்கும் பொறியாளரே ஏரியையும் பார்க்க வேண்டும். நீர் படித்த ஆள் மிகவும் தேவைப்படும் இடம் இதுதான்.

வேலை வாய்ப்பைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டடப் பொறியியல் படித்தவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வழியாக நீர்வளத்துறை இருக்கிறது. நிலவியல் படித்தவர்கள் யு.பி.எஸ்.சி.யின் புவி அறிவியலாளர் தேர்வெழுதி மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்குப் போகலாம். வேதியியல், விலங்கியல் படித்தவர்களுக்கு மாசுக் கட்டுப்பாடு, குடிநீர், மீன்வளத் துறைகளின் ஆய்வகங்கள் உண்டு. மேற்படிப்புக்குக் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம் இருக்கிறது.

ஆனால் பட்டத்தால் மட்டும் வராத அறிவு ஒன்று உண்டு. ஊரில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று அழைக்கப்படும் பெரியவருக்கு எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை விடுவது என்பது அத்துப்படி. வரத்துக்கால் எங்கே அடைபட்டது, கலுங்கு கடைசியாக எப்போது மறுகால் பாய்ந்தது என்று கேட்டால் நின்ற இடத்திலிருந்தே சொல்வார். இவரிடம் பேசாமல் வரைந்த ஏரி வரைபடத்தை முழுமையானது என்று நான் ஏற்க மாட்டேன். மாணவர்களுக்கு அவர் ஆசிரியராக வேண்டும். அந்த நாளுக்கு உரிய மதிப்பூதியத்தையும் கல்லூரி தர வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும் தை மாதத்தில் ஒருநாள், பொழுது புலர்வதற்கு முன்பே உங்கள் மாணவர்களைப் பக்கத்து ஏரிக்கு அழைத்துப் போங்கள். பத்துக் குப்பிகளும் இரண்டு ரசாயனங்களும் கையில் இருக்கட்டும். நீர்க்கட்டிக்கு முதல்நாளே சொல்லி வையுங்கள்.