ஊருக்குத் தெரிந்த முகம். யந்திரத்துக்குத் தெரியாத பெயர்!

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டு என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரைக் கோயில்தான் நினைவுக்கு வரும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கும் எடுத்த கோயில் என்று ஏழாம் நூற்றாண்டிலேயே மன்னன் கல்லில் பொறித்து வைத்தான். பாறையைக் குடைந்தவர்களின் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்றோ நிலைமை தலைகீழ். மண்வெட்டியைத் தொடுமுன்பே தொழிலாளியின் பெயர் பதிவாக வேண்டும். அதில் ஓர் எழுத்துப் பிசகினாலும் கூலிக்கு ஆபத்து!

நூறு நாள் வேலை

ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-ல் பிறந்தது. 2006 பிப்ரவரி 2-ல் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதலில் இடம் பெற்ற ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. பதினெட்டு வயது நிரம்பி, கிராமத்தில் குடியிருந்து, உடலுழைப்புக்கு முன்வந்தால் வேலை அட்டை கிடைத்தது. 'இவர் இன்னார் வீட்டுப் பெண்' என்பதற்கு ஊரே சாட்சி.

பிறகு, வேலைக்கு வராதவர் பெயரில் கூலி, போலி அட்டை என்று புகார்கள் கிளம்பின. அவற்றைத் தடுக்க மின்னணுச் சோதனை புகுந்தது. 2023 ஜனவரியில் கைப்பேசியில் படம் பிடித்து வருகையைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாகவே கூலி என்றாயிற்று. 2025-ல் முகத்தை ஆதாருடன் ஒப்பிடும் முறையும் வந்தது. அவ்வருஷம் டிசம்பரில், பழைய சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் வேலைக்கான புதுச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதிலும் இத்தகைய அடையாளச் சோதனைக்கு இடம் உண்டு.

எங்கே சிக்கல்?

வேலை அட்டையிலுள்ள பெயர் ஆதாருடன் பொருந்த வேண்டும். ஆதார் எண் வங்கிக் கணக்குடன் சேர்ந்திருக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் பணம் வராது.

நம் பக்கத்துப் பெயர்களோ யந்திரத்துக்குப் பெரும் சோதனை! ஓர் அட்டையில் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து. இன்னொன்றில் கணவர் பெயர் முழுவதும். 'லட்சுமி' என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். நாலும் ஒருத்திதான் என்று தெருக் குழந்தைக்கும் தெரியும். யந்திரத்துக்கோ அவள் நாலு பேர்! களை பறித்துத் தேய்ந்த விரலில் ரேகையும் எளிதில் விழுவதில்லை.

2025-26-ல் தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய். பெயரைத் திருத்த ஒரு நாள் டவுனுக்கு அலைந்தால் அந்தக் கூலி போயிற்று; பஸ் கட்டணம் வேறு.

அங்கே எப்படி?

அமெரிக்காவில் புதிதாகச் சேரும் ஊழியருக்கு அந்நாட்டில் வேலை பார்க்கச் சட்டப்படி உரிமை உண்டா என்று பார்க்க 'இ-வெரிஃபை' என்ற மின்னணு முறை இருக்கிறது. விவரம் பொருந்தாவிட்டால் உடனே அவரை நீக்கிவிட முடியாது. விஷயத்தை அவரிடம் தெரிவிக்க வேண்டும். அவர் மறுத்துச் சொல்ல விரும்பினால், உரிய அலுவலகத்தை அணுக எட்டு வேலை நாள் அவகாசம் உண்டு. வழக்கு முடியும்வரை அந்தக் காரணத்துக்காக வேலையைப் பறிக்கவும் கூடாது.

அந்த நியாயம் இங்கும் வேண்டும். பிழை இருந்தால் முதலில் தொழிலாளியிடம் சொல்ல வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலேயே அதைத் திருத்த வழி வேண்டும். திருத்தும்வரை வேலையும் கூலியும் நிற்கக் கூடாது.

சோதனை வேண்டியதுதான். ஆனால், திருடனுக்காகப் போட்ட பூட்டு வீட்டுக்காரியையே வாசலில் நிறுத்தலாமா?