நுரைக்குள் ஓர் அற்புதம்

சிராய்த்த முழங்காலில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியதும் புசுபுசுவென்று வெள்ளை நுரை பொங்குகிறது. மருந்து வேலை செய்கிறது என்று நாமும் பஞ்சால் ஒற்றிவிட்டு எழுந்துபோகிறோம். அந்த நுரையை எழுப்பியது நம் ரத்தமே. அதிலுள்ள கேட்டலேஸ் என்னும் நொதி, இரும்பு அணுக்கள் நான்கைத் தன்னுள் பொதிந்துகொண்டு, ஒரே நொடியில் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிறது. கண்ணுக்கு எட்டாத சிறுமைக்குள் இத்தனை வேகமா!

நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் இந்தக் காவல் நடக்கிறது. உயிர்காக்கும் ஆக்சிஜனே உடலுக்குள் எரிகையில் சூப்பர்ஆக்சைடு என்ற முரட்டு மூலக்கூறாகவும் மாறுகிறது. அதைப் பெராக்சைடாக்கித் தணிக்கும் நொதியை 1969-இல் மெக்கார்டு, ஃப்ரிடோவிச் என்ற ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். அந்தப் புரதம் 1938-லேயே மாட்டு ரத்தத்தில் கிடைத்திருந்தது. எதற்காக இருக்கிறது என்பதுதான் எவருக்கும் தெரியவில்லை. அறியப்படாமலே அது நம் பாட்டன் பூட்டனையெல்லாம் காத்து நின்றது. இதே முரட்டு மூலக்கூறைத்தான் வெள்ளையணு தானே உண்டாக்கி, விழுங்கிய கிருமியின்மேல் கொட்டுகிறது. இங்கே எதுவும் முழு நஞ்சுமல்ல, முழு அமுதுமல்ல, அளவே காக்கிறது.

சிவப்பணுவின் நிலை இன்னும் வியப்பு. உட்கருவை உதறிவிட்டு மஜ்ஜையிலிருந்து புறப்படும் அது, சுமார் 120 நாள் வாழ்வில் புதிதாக ஒரு நொதியையும் செய்துகொள்ள முடியாது. கட்டிக்கொடுத்த சோற்றோடு வழிநடக்கும் பயணிதான்.

அந்தக் கட்டுச்சோற்றின் அருமை, ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தையிடம் தெரியவருகிறது. குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுவே. இந்தக் குழந்தைகளிடம் இத்தகைய காவல் நொதிகளின் சமநிலை குலைந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சிகிச்சை தொடங்கியதும் புற்றணுக்கள் கொத்துக்கொத்தாக மடிகின்றன. அவற்றின் சிதைவிலிருந்து யூரிக் அமிலம் குவிந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது. அதைக் கரைக்கும் நொதியை நம் குரங்கு மூதாதையர் என்றோ இழந்துவிட்டனர். இழந்ததை ஒரு பூஞ்சையிடம் கடன் வாங்குகிறது மருத்துவம்! அதன் மரபணுவை ஈஸ்டில் சேர்த்து உருவாக்கிய ராஸ்பூரிகேஸ், குழந்தையின் ரத்தக்குழாயில் ஏறி அமிலத்தைக் கரைக்கிறது. கரைக்கும்போதே, அதே ஹைட்ரஜன் பெராக்சைடும் பிறக்கிறது.

பெரும்பாலான குழந்தைகளின் சிவப்பணுக்கள் அதைச் சத்தமில்லாமல் தண்ணீராக்கிவிடுகின்றன. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைக்கு அப்படியில்லை. பெராக்சைடை எதிர்த்துத் தேய்ந்துபோகும் குளுட்டாதயோன் என்ற காப்புப்பொருளைப் புதுப்பிக்க வழியின்றி, அணுக்கள் படபடவென உடைகின்றன. சிறுநீர் கறுத்து இறங்குகிறது. ஆகவே மருந்தேற்றுமுன் ஜி6பிடி சோதனை செய்கிறார்கள். குறைவு இருந்தால் ராஸ்பூரிகேஸ் கூடாது. அலோபியூரினால் மாத்திரையும், சொட்டுச் சொட்டாக இறங்கும் நிறைய நீர்மமும்தான்.