நகைப்புக்கு இலக்காவது யார்?

ஒரு தலைமுறை வயிறு குலுங்கச் சிரித்த காட்சியை அடுத்த தலைமுறை முகஞ்சுளித்துப் பார்ப்பது புதுமையன்று. ஆனால், முகஞ்சுளிப்பதற்கு உரியது எது, உரியதல்லாதது எது என்று பிரித்தறிவது எளிதன்று. பிரித்தானியத் தொலைக்காட்சியின் பழைய நகைச்சுவைத் தொடர்களைப் பற்றி இன்று நடைபெறும் வழக்கு இதுவே.

2020ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபிளொயிட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸாரின் பிடியில் உயிரிழந்தார். இனவெறுப்புக்கு எதிராக எழுந்த கொந்தளிப்பு பிரித்தானியாவையும் எட்டியது. அடுத்த மாதமே யூ.கே.ரி.வி. என்னும் ஒளிபரப்பு நிறுவனம், "ஃபோல்ட்டி டவர்ஸ்" தொடரின் ஓர் அங்கத்தைத் தனது இணையச் சேவையிலிருந்து அகற்றியது. 1975ஆம் ஆண்டு பி.பி.ஸி. முதன்முதலில் ஒளிபரப்பிய அந்த அங்கத்தில், விடுதியில் வாழும் முதிய மேஜர் ஒருவர், இந்தியரையும் மேற்கிந்தியரையும் இழித்துரைக்கும் சொற்களை வெகு இயல்பாக உதிர்க்கிறார். தொடரை எழுதியவருள் ஒருவரும் அதன் நாயகனாக நடித்தவருமான ஜோன் கிளீஸ் இதனை வன்மையாகக் கண்டித்தார். மேஜரின் எண்ணங்களைத் தாங்கள் ஆதரிக்கவில்லை, எள்ளி நகையாடினோம் என்பதே அவருடைய வாதம். பின்னர் அந்த அங்கம் எச்சரிக்கைக் குறிப்புடன் மீண்டும் இடம்பெற்றது.

கிளீஸின் வாதத்தில் உண்மை உண்டு. வஞ்சப் புகழ்ச்சியில் சொல் புகழாகவும் பொருள் இகழாகவும் அமையும். இத்தொடர்களின் அங்கதமும் அவ்வழிப்பட்டதே. மூடன் ஒருவனைப் பேசவிட்டு, அவன் பேச்சைக் கொண்டே அவனை நகைப்புக்கு உள்ளாக்குகிறது. அதே அங்கத்தில், தலையில் அடிபட்ட விடுதி உரிமையாளர், ஜேர்மன் விருந்தினரிடம் போரைப் பற்றிப் பேசலாகாது என்று எச்சரித்துவிட்டு, தாமே வாய்க்கு வாய் போரைப் பேசுகிறார். போர் முடிந்து முப்பது ஆண்டுகளாகியும் அதனை மறக்கமாட்டாத ஆங்கிலேயனே அங்கு நகைக்கப்படுகிறான்.

ஆயினும், உட்பொருளை உணராதவர் கேட்டால் என்னாகும்? 1966 முதல் 1975 வரை, இடைவெளிகளுடன் பி.பி.ஸி. ஒளிபரப்பிய "டில் டெத் அஸ் டு பார்ட்" தொடரில் இவ்வினா எழுந்தது. அதன் நாயகன் அல்ஃப் கார்னெற், குடியேறியவர்களையும் யூதர்களையும் ஓயாது தூற்றும் கிழக்கு லண்டன் தொழிலாளி. அவனாக நடித்த வொறன் மிச்செல், யூதக் குடும்பத்தில் பிறந்த இடதுசாரி. எழுதிய ஜோனி ஸ்பைற்றின் நோக்கமும் அத்தகைய மூடத்தனத்தை நகையாடுவதே. எனினும், தங்கள் மனத்திலுள்ளதைத் துணிந்து சொல்லும் வீரனாகவே அல்ஃபைக் கொண்டாடியோர் பலர்.

அத்தொடரைத் தழுவி அமெரிக்காவில் நோர்மன் லியர் "ஓல் இன் த ஃபமிலி" என்ற தொடரை 1971இல் தொடங்கினார். 1974இல் நீல் விட்மர், மில்ற்றன் றோக்கீச் என்னும் ஆய்வாளர் இருவர், அதன் பார்வையாளரை ஆராய்ந்தனர். இனத் தப்பெண்ணம் மிகுந்தோர், நாயகன் ஆர்ச்சி பங்கரையே பெரிதும் விரும்பினர். வாதத்தில் வென்றவனாகவும் அவனையே கருதினர். ஒரே காட்சி, உள்ளத்துக்கு ஏற்ப இரு வேறு பொருள் தந்தது.

இவற்றினின்று வேறானது, 1977 முதல் 1979 வரை லண்டன் வார இறுதித் தொலைக்காட்சி நிறுவனம் வழங்கிய "மைன்ட் யுவர் லாங்குவேஜ்". ஆங்கிலம் கற்கவந்த இந்தியர், பாகிஸ்தானியர், சீனர் முதலியோரின் உச்சரிப்பும் பிழைகளுமே அதன் நகைச்சுவை. அங்கே தண்டிக்கப்படும் மூடன் எவனும் இல்லை. அந்நியராயிருப்பதே நகைப்புக்குப் போதுமாயிற்று. நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளரான மைக்கேல் கிறேட், இனங்களை இவ்வாறு ஒரே அச்சில் வார்ப்பது தகாதெனக் கருதி அதனை நிறுத்தினார். ஆகவே, இத்தகைய கண்டனம் இன்று மட்டும் முளைத்ததன்று.

பழைய தொடர் ஒன்றை மதிப்பிடுவோர், அதில் நகைக்கப்படுபவர் யார் என்பதை முதலில் காணல் வேண்டும். அதனோடு, இழிசொல்லுக்கு உரியவராக்கப்பட்டவரின் செவியையும் கருதல் வேண்டும். ஆசிரியரின் நல்ல நோக்கத்தை அவர் உணர்வதற்கு முன்னரே, தெருவிலும் தொழிலிடத்திலும் கேட்டுப் பழகிய அச்சொல் அவரைச் சுட்டுவிடுகிறது. அதற்காகக் காட்சியை அடியோடு அழித்துவிட்டால், அக்காலத்தின் மூடத்தனத்தோடு அதனை எதிர்த்து நகைத்தவர்களின் துணிவும் மறைந்துபோகும். தொடக்கத்தில் வைக்கும் ஒரு சிறு குறிப்பு, இவ்விரண்டையும் காண்பதற்கு ஓரளவேனும் வழிசெய்கிறது.