நோயொதுக்கமும் நாட்கூலியும்

நோயினால் வேலைக்கு வர இயலாதவர் ஒருவர். தமக்கு நோய் இல்லாதிருந்தும், நோயாளியோடு பழகினமையால் வேலைக்கு வரலாகாதெனத் தடுக்கப்பட்டவர் மற்றொருவர். முன்னவர்க்குச் சட்டம் தெளிவாக வழி கூறுகிறது. பின்னவர் நிலை யாது? கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தின் எடைக்கேற்பக் கூலி பெறுவோர்க்கு இது வயிற்றுப்பாட்டுக் கேள்வியாகும்.

தொற்று ஐயத்திற்குரியவரைத் தனித்திருக்கச் செய்யும் அதிகாரத்தை மலேசியாவின் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அதிகாரிகளுக்கு அளித்துள்ளது. அந்நாட்களுக்குரிய கூலியைப் பற்றி அது பேசவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமோ, மருத்துவர் சான்று பெற்ற நோயாளிக்கே ஊதியத்துடன் விடுப்பு அளிக்கிறது. பணிக்காலம் ஈராண்டுக்குக் குறைந்தால் ஆண்டுக்கு 14 நாள். ஈராண்டு முதல் ஐயாண்டுக்குள் 18 நாள். ஐயாண்டும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேரின் 60 நாள். நலத்தோடிருந்தும் வீட்டில் அடைபட்டிருப்பவர் இவ்விரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட வெளியில் நிற்கிறார்.

கோவிட் தொற்று பரவத் தொடங்கிய 2020 பிப்ரவரியில், மனிதவள அமைச்சு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. பதிவுபெற்ற மருத்துவரின் ஆணைப்படி தனித்திருப்போர்க்கு முழு ஊதியம் தருதல் வேண்டும்; ஆண்டு விடுப்பையோ ஊதியமில்லா விடுப்பையோ எடுக்கும்படி அவரைப் பணித்தல் கூடாது என்றது. நன்று. ஆயினும் வழிகாட்டி வேறு, சட்டம் வேறு அன்றோ?

எடைக்கூலிக்காரரின் ஒரு நாள் ஊதியத்தைக் கணக்கிடும் முறை வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே உண்டு. முந்தைய ஊதியக் காலத்தில் ஈட்டிய கூலியை, அக்காலத்தில் உண்மையில் வேலை செய்த நாட்களால் வகுத்தல் வேண்டும். ஓய்வுநாள் வேலைக்குப் பெற்றதை இதில் சேர்த்தலாகாது. எடுத்துக்காட்டாக, 25 நாளில் 1,750 வெள்ளி ஈட்டியவர்க்கு நாளொன்றுக்கு 70 வெள்ளி. பத்து நாள் அடைபட்டால் 700 வெள்ளி. ஒரு குடும்பத்தின் அரிசியும் பருப்பும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணமும் இத்தொகைக்குள் அடங்கியுள்ளன.

இனி, வேலைப் பாதுகாப்பைக் காண்போம். தக்க காரணமின்றி, முதலாளிக்கு அறிவிக்கவும் முயலாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் வராதிருப்பவர் ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார். நோய் விடுப்பாயின் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தல் வேண்டும். ஆகவே, தனித்திருக்குமாறு ஆணை பெற்றவர் அன்றே கிராணிக்கோ மண்டோருக்கோ எழுத்தால் தெரிவித்து, ஆணையின் படியைக் கையில் வைத்துக்கொள்வது நலம். இவ்வளவு செய்தும் வேலை நீக்கப்பட்டால், 1967ஆம் ஆண்டுத் தொழில்துறை உறவுச் சட்டத்தின்படி 60 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் முறையிடலாம். அயல்நாட்டுத் தொழிலாளர்க்கும் இவ்வுரிமை உண்டு.

நோயொதுக்கத்தால் ஊதியம் இழப்போர்க்கும் பணவுதவி வேண்டுமெனப் பன்னாட்டுத் தொழிலமைப்பு 1969இலேயே தன் 134ஆம் பரிந்துரையில் கூறிவிட்டது. ஊர் நலத்தின்பொருட்டு ஒருவரை வீட்டிலிருத்தினால், அதன் செலவை அவர் அடுப்பின்மேல் மட்டும் சுமத்துவது நீதியாகாது. வழிகாட்டி கூறியதைச் சட்டமே கூறுதல் வேண்டும்.

அதுவரை ஆசிரியர்க்கு ஒரு கடமை உண்டு. மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் தாள்களைப் பெற்றோர் பள்ளிக்குத்தான் கொண்டு வருகின்றனர். அவற்றைப் படித்துச் சொல்வதோடு நில்லாது, முதலாளிக்கு அனுப்ப வேண்டிய நான்கு வரிக் கடிதத்தை எழுதவும் மேல்வகுப்பு மாணவர்க்குக் கற்பிப்போமாக.