ரோட்டுக்கு ஒத்த ஸ்டார் கொடுத்தா பள்ளம் மூடிடுமா? - ரிவ்யூ எழுதும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

தீபாவளிக்குச் சேலை எடுக்க இளம்பிள்ளை கிளம்புறீங்க. மொபைல்ல மேப்பைத் திறந்து, கடைப் பெயரைத் தட்டுறீங்க. `கலெக்‌ஷன் சூப்பர், விலையும் பரவாயில்லை. ஆனா போற வழி மோசம், வண்டி ஓட்டவே முடியல' என்று யாரோ எழுதி, ரெண்டே ரெண்டு ஸ்டார் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்க என்ன செய்வீங்க? ஒரு நிமிஷம் யோசிப்பீங்க. பலர் வேறு ஊரையோ, ஆன்லைனையோ தேடிப் போய்விடுவார்கள்.

இங்கே நஷ்டம் யாருக்கு? சேலையைத் தறியில் நெய்தவருக்கும், கடை போட்டவருக்கும். ரோடு போட வேண்டியவருக்கு அந்த ரெண்டு ஸ்டார் போய்ச் சேரவே இல்லை. விசைத்தறியும் சேலை வியாபாரமும்தான் இளம்பிள்ளையின் மூச்சு. நூல் வருவதும், சேலை பண்டல் போவதும், வெளியூர் வியாபாரி வருவதும் அதே ரோட்டில்தான். அதனால், ரிவ்யூ எழுதுவது நல்ல பழக்கம்தான். ஆனால், அதை எங்கே எழுதுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கு.

பள்ளத்துக்கும் ரிவ்யூ உண்டு!

பெங்களூருவில் சில ஆண்டுகளுக்கு முன்பு, குடியிருப்புப் பகுதியில் இருந்த ஒரு பள்ளத்தையே சுற்றுலாத் தலம் மாதிரி கூகுள் மேப்ஸில் சேர்த்து, மக்கள் போட்டி போட்டு நக்கலாக ரிவ்யூ எழுதினார்கள். நாடு முழுக்கச் செய்தியானது. அதே ஊரில் ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி 2015-ல் ஒரு பெரிய பள்ளத்தில் முதலை பொம்மையை வைத்தார். 2019-ல் விண்வெளி வீரர் உடையில் ஒருவரைப் பள்ளங்களுக்கு நடுவே நடக்க விட்டு, நிலவில் நடப்பது போல வீடியோ எடுத்தார். இரண்டு முறையும் மாநகராட்சி ஓடி வந்து சரிசெய்தது.

சிரிப்புக்கு அவ்வளவு சக்தி இருக்கு. ஆனால், எல்லா ஊரிலும் முதலை வைக்க முடியாதே! ஊர் பேர் தெரியாத நூறு பள்ளங்களுக்குத் தேவை வைரல் வீடியோ இல்லை, சரியான விலாசம்.

பிரிட்டனில் 2007-லேயே `ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட்' என்ற இணையதளம் வந்துவிட்டது. மேப்பில் பள்ளத்தைக் காட்டினால் போதும். அந்தத் தெரு எந்த நிர்வாகத்தின் கீழ் வருகிறது என்று அதுவே கண்டுபிடித்துப் புகாரை அனுப்பிவிடும். நம்ம ஊரில் அந்தக் கண்டுபிடிப்பை நாமே செய்ய வேண்டியிருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்டார் யாருக்குப் போகுது?

மேப்ஸ் ரிவ்யூ என்பது அடுத்து வரப்போகும் ஆளுக்கு நீங்கள் எழுதும் கடிதம். அரசுக்கு எழுதும் மனு அல்ல. பேருந்து நிலையம், பொதுக் கழிப்பறை, பூங்கா, டோல்கேட் போன்ற இடங்களுக்கு ரிவ்யூ எழுதினால் கட்டாயம் பயன் உண்டு. `கழிப்பறையில் தண்ணீர் வருது, தாழ்ப்பாள் சரியா இருக்கு' என்ற ஒரு வரி, கைக்குழந்தையோடு வரும் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய உதவி!

ரோட்டுக் கோபத்தைக் கடை மீது காட்டாதீர்கள். இடத்துக்குத் தொடர்பில்லாத ரிவ்யூக்களை கூகுளே நீக்கலாம். நீக்கும் வரை அடி வாங்குவது கடைக்காரர். ரோடு மூடியிருந்தால், வழி மாறியிருந்தால் மேப்பைத் திருத்தும் வசதியிலேயே சொல்லிவிடுங்கள். ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் லாரி டிரைவருக்கும் அது உதவும்.

ரோடு யாருடையது?

புகார் தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான். `அது எங்க ரோடு இல்லீங்க' என்று ஒரே வரியில் மனு திரும்பிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி, ரோட்டோர கிலோமீட்டர் கல். தலைப்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்பு அல்லது நீலம் என்றால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை.

இளம்பிள்ளைக்கு வரும் ஒருவர், மகுடஞ்சாவடியில் தேசிய நெடுஞ்சாலை 544-ல் இருந்து பிரிந்து, ஊர்ச் சாலையில் ஏறி, கடைசியில் பேரூராட்சித் தெருவில் வண்டியை நிறுத்துவார். ஒரே பயணம்தான். ஆனால், வேறு வேறு அலுவலகங்கள். ஊருக்குள் இருக்கும் தெரு, சாக்கடை, தெருவிளக்கு ஆகியவை பேரூராட்சியின் பொறுப்பு.

எங்கே சொல்லலாம்?

* தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண். `ராஜ்மார்க் யாத்ரா' ஆப்பிலும் புகார் செய்யலாம்.

* மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளுக்கு 2023-ல் வந்த `நம்ம சாலை' ஆப் இருக்கு. பள்ளத்தை போட்டோ எடுத்து அனுப்பலாம்.

* பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடு என்றால் `மேரி சடக்' ஆப். இந்தத் திட்டத்தில், போட்ட ஒப்பந்ததாரரே 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். ரோட்டோரப் பலகையில் தேதி இருக்கும், பாருங்கள்.

* எந்தத் துறை என்றே தெரியவில்லையா? முதல்வரின் முகவரி, 1100.

பதிவு எண் கொடுப்பார்கள். அதைப் பத்திரமா வெச்சுக்கங்க. நாள் கடந்தும் பதில் இல்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கு. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். `இந்தச் சாலை கடைசியாக எப்போது போடப்பட்டது? செலவு எவ்வளவு? பராமரிப்புக் காலம் எதுவரை?' என்ற மூன்று கேள்விகள் போதும். ஒத்த ஸ்டாரைவிட இது பலமானது.

எப்படி எழுதணும்?

`கேவலமான ரோடு, வெட்கக்கேடு' என்று எழுதினால் மனசு ஆறும், பள்ளம் ஆறாது. இப்படி எழுதிப் பாருங்கள்: `பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில், இடது பக்கம், சுமார் மூணு அடி அகலப் பள்ளம். முழங்கால் அளவு ஆழம். மழை பெய்தால் தண்ணீர் மூடிக்கொள்வதால் தெரியாது. அருகில் தெருவிளக்கு எரியவில்லை.' இடம், அளவு, ஆபத்து மூன்றும் வந்துவிட்டன. பார்த்த தேதியையும் போடுங்கள். போட்டோ ரெண்டு எடுங்கள். ஒன்று பள்ளத்துக்குப் பக்கத்தில், இன்னொன்று சுற்றியிருக்கும் அடையாளம் தெரியும்படி தள்ளி நின்று. வண்டி ஓட்டிக்கொண்டே எடுக்க வேண்டாம்!

அதிகாரி பெயரைப் போட்டுத் திட்டுவது, ஆதாரம் இல்லாமல் `காசு வாங்கிட்டாங்க' என்று எழுதுவது இரண்டையும் தவிருங்கள். அவதூறு வழக்கு என்று வந்தால் பள்ளம் மறந்துபோய், நீங்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

சரிசெஞ்சா சொல்லுங்க!

பலர் மறக்கும் விஷயம் இது. ரோடு போட்டு முடித்த பிறகும் பழைய ரிவ்யூ அப்படியே கிடக்கும். அதைப் படித்துவிட்டு அடுத்த தீபாவளிக்கும் ஆள் வராமல் போகலாம். பள்ளத்தை மூடிவிட்டார்களா? உங்கள் ரிவ்யூவைத் திருத்தி, `இப்போ ரோடு நல்லா இருக்கு, தைரியமா வாங்க' என்று ஒரு வரி சேருங்கள்.

குறை சொல்ல எடுத்த அதே விரல், நல்லது நடந்ததையும் சொல்லட்டும். அடுத்த முறை நீங்கள் புகார் எழுதும்போது, அதைப் படிப்பவர் நம்புவார்.