பரம்பரைச் சுருளில் மின்னோட்டம்

மின்கலத்தையும் விளக்கையும் செப்புக் கம்பியாற் தொடுத்தால் விளக்கு எரிகிறது. கம்பியை ஓரிடத்தில் அறுத்து, அவ்விடத்தில் உலர்ந்த பனைநாரைக் கட்டினால் விளக்கு அணைந்துவிடுகிறது. உயிர்ப்பொருள்கள் பெரும்பாலும் மின்னைத் தடுப்பன என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆயின், உயிர்களின் பரம்பரைக் குணங்களைத் தன்னுள் எழுதி வைத்திருக்கும் டீ.என்.ஏ. என்னும் மூலக்கூறு செப்பின் இனமா, பனைநாரின் இனமா என்ற வினாவுக்கு விடை காண, விஞ்ஞானிகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாதாட வேண்டியதாயிற்று.

1953ஆம் ஆண்டில் வாற்சனும் கிறிக்கும் இம்மூலக்கூற்றின் அமைப்பை வெளியிட்டனர். ரொசலிண்ட் பிராங்கிளினின் ஆய்வுகூடத்தில் எடுக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படம் அதற்குப் பெருந்துணையாயிருந்தது என்பதை மறத்தலாகாது. அவ்வமைப்பு முறுக்கிய நூலேணியை ஒத்தது. பக்கக் கயிறுகள் இரண்டும் வெல்லமும் பொசுபேற்றும் மாறி மாறிக் கோத்தவை. படிகளோ நைதரசன் மூலங்களின் சோடிகள்: அடினின் தைமினோடும், குவானின் சைற்றோசினோடும் சேரும். இப்படிகள் தட்டையானவை. 0.34 நனோமீற்றர் இடைவெளியில், அடுக்கி வைத்த நாணயங்களைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, ஒவ்வொன்றும் தன் கீழுள்ளதிலிருந்து ஏறக்குறைய 36 பாகை திரும்பி நிற்கின்றன. நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. ஒவ்வொரு படியின் மேலும் கீழும் இலத்திரன்கள் மேகம்போலப் பரந்து கிடக்கின்றன. அடுத்தடுத்த மேகங்கள் ஒன்றோடொன்று தழுவுமாயின், அவற்றினூடே மின் ஓடலாமன்றோ? 1962ஆம் ஆண்டில் ஈலி, ஸ்பைவி என்னும் இருவர் இக்கருத்தை எடுத்துரைத்தனர்.

கருத்தை உரைப்பது எளிது. அளந்து காட்டுவது அரிது. 1998இல் இஸ்ரவேல் நாட்டின் ஹைபா நகரில் இரு பொன் மின்வாய்களுக்கிடையே டீ.என்.ஏ. இழை பாலமாகக் கட்டப்பட்டது. மின் ஓடவில்லை, இழையின்மேல் வெள்ளி படிந்த பின்னரே ஓடிற்று. 1999இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் அளந்தவர்கள் அது நன்றாகக் கடத்துகின்றது என்றனர். 2000இல் ஒல்லாந்தின் டெல்ப்ற் நகரத்தார் அது குறைகடத்தி என்றனர். 2001இல் பிரான்சில் ஆராய்ந்தோர், கடுங்குளிரிலும் அது உலோகம்போற் கடத்துகின்றது என்றனர். நால்வர் நான்கு யானை கண்ட கதையாயிற்று. உண்மையில் அவர்கள் சோதித்த பொருள்கள் ஒன்றல்ல. படிகளின் வரிசை வேறு. இழையின் நீளம் வேறு. மின்வாயோடு இழை தொட்ட விதம் வேறு. நீர் வற்றியபோது சுருளின் வடிவமே மாறிவிடுகிறது என்பதையும் கருதவேண்டும்.

வரிசையின் பங்கு முதலிற் தெளிவாயிற்று. நான்கு மூலங்களுள் இலத்திரனை மிக எளிதில் இழப்பது குவானின். ஓர் இலத்திரன் நீங்கிய வெற்றிடத்தைத் 'துளை' என்பர். அத்துளை ஒரு குவானினிலிருந்து மற்றொரு குவானினுக்குச் செல்கிறது. இடையில் அடினின்-தைமின் படிகள் இரண்டு மூன்றே இருந்தால், அது அவற்றில் தங்காது ஊடுருவிவிடுகிறது. படிகள் கூடக்கூட இவ்வாற்றல் விரைந்து குன்றும். இடைப்படிகள் பலவாயின் அடினின்கள்மீதே தாவித் தாவிச் செல்கிறது. பேர்ண்ட் கீஸ என்பவரின் குழுவினர் 2001இல் இதனைக் காட்டினர். 2004இல் அமெரிக்காவின் அரிசோனாவில் தனி மூலக்கூறுகளை நீரிலேயே வைத்து அளந்தபோது, குவானின்-சைற்றோசின் படிகள் மட்டும் உள்ள சுருளின் கடத்துதிறன் நீளத்துக்கேற்ப மெல்லக் குறைந்தது. நடுவே அடினின்-தைமின் படிகளைப் புகுத்தியதும் அது மளமளவெனச் சரிந்தது.

எஞ்சிய புதிர் அதிர்வு பற்றியது. செப்புக் கம்பியைச் சூடாக்கினால் அணுக்களின் நடுக்கம் மிகுந்து, ஓடும் இலத்திரன்களைச் சிதறடிக்கும், தடை கூடும். டீ.என்.ஏ.யிலோ அதிர்வு தடையாக மட்டும் நிற்பதில்லை. இறங்குதுறையில் வரிசையாகக் கட்டியிருக்கும் தோணிகளை எண்ணுக. தோணிக்குத் தோணி தாண்டிச் செல்பவன், அலை இரு தோணிகளை நெருக்கும் கணத்துக்காகக் காத்து நிற்கிறான். நெருங்கியதும் கால் வைக்கிறான். சுருளின் படிகளும் அவ்வாறே ஓயாது திரும்பியும் சாய்ந்தும் விலகியும் ஆடுகின்றன. இவ்வாட்டங்களுட் பல, ஒரு செக்கனை இலட்சம் கோடி கூறாக்கிய கால அளவில் நிகழ்வன. படிகளின் கோணம் சற்றே மாறினும் மேகங்களின் தழுவல் பன்மடங்கு கூடும் அல்லது குறையும். தோணியில் ஏறியவனின் பாரத்தால் அத்தோணி சற்று அமிழ்வதுபோல, துளை வந்து தங்கிய இடத்திற் படிகளும் சூழ்ந்த நீரும் உப்பயன்களும் சற்றே இடம் மாறித் துளையைப் பிடித்து வைக்கின்றன. அப்பிடியிலிருந்து அதனை விடுவித்து அடுத்த படிக்கு அனுப்புவதும் இவ்வதிர்வே. ஆயினும் அலை புயலாகிவிட்டால் தோணிக் கயிறு அறும். வெப்பம் மிக, இரு இழைகளும் பிரிந்து வழியே இல்லாமற்போகும்.

இதனால் மனிதனுக்கு ஆவது என்ன என்று கேட்பவருக்கு விடை உண்டு. படிகளுள் ஒன்று மட்டும் பொருந்தாச் சோடியாயின் அடுக்குக் குலைந்து மின்னோட்டம் தளர்கிறது. ஜாக்குலின் பாற்றனின் குழுவினர் 1999இல் இதனைக்கொண்டு ஒற்றைப் பிழையையும் கண்டறியலாம் எனக் காட்டினர். நோய்க்குக் காரணமான விகாரங்களைத் தேடும் கருவிகளுக்கு இஃது ஒரு வழி. மறுபுறம் ஓர் அபாயமும் உண்டு. ஓரிடத்திற் தோன்றிய துளை தொலைவிலுள்ள குவானினிற் தங்கி, அதனை ஒட்சியேற்றிக் கெடுக்கக்கூடும். 1996இல் இதுவும் செய்து காட்டப்பட்டது. கெட்ட குவானின், சைற்றோசினை விடுத்து அடினினோடு சேர்ந்துகொள்ளும். இழை பிரதியாகும்போது பரம்பரை எழுத்தே மாறிவிடும். இத்தகைய பழுதைத் திருத்தும் நொதியங்கள் சிலவற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த அணுக்கூட்டங்கள் உள்ளன. அந்நொதியங்கள் சுருளின்வழி மின்னைச் செலுத்திப் பழுதின் இடத்தை அறிகின்றன என்பது பாற்றனின் கொள்கை. வேறு சில ஆராய்ச்சியாளர் இதனை மறுத்துரைக்கின்றனர்.