மணிக்கு 120 ரூபாய்

2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. செயற்கைப் புல் விரித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைப்பது. விளையாட வருகிறவரிடம் ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்குவது. வடசென்னையின் வியாசர்பாடித் திடலும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆளும் தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. அடுத்த சில நாட்களுக்குள் தீர்மானம் கைவிடப்படுவதாகவும், கட்டணம் கிடையாது என்றும் மேயர் பிரியா அறிவித்தார். ஊர் நிம்மதியானது. ஆனால் அந்த 120 எந்தக் கணக்கில் வந்தது என்பதை மட்டும் யாரும் கேட்காமலே விட்டுவிட்டோம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பையன் மாதம் 26 நாள், தினம் ஒரு மணி நேரம் ஆடினால் 3,120 ரூபாய். அண்ணனும் தம்பியும் ஆடினால் 6,240. பக்கத்துக்கு ஐந்து பேராகப் பத்துப் பேர் இறங்கினால் மணிக்கு 1,200. ஏறத்தாழ தனியார் டர்ஃப் வாடகை. காசிமேட்டில் மீன் கூடை சுமக்கிற வீட்டிலோ, கன்டெய்னர் லாரிக்கு கிளீனராகப் போகிறவர் வீட்டிலோ இந்தத் தொகையை எடுத்து வைக்க முடியுமா?

வடசென்னைப் பிள்ளைகளுக்கு கிரவுண்டு என்பது பிழைப்புக்கான வழியும்கூட. பந்து உதைத்தும் குத்துச்சண்டை போட்டும், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஐ.சி.எஃப்., ரயில்வே, சுங்கத் துறை என்று வேலைக்குப் போனவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. புதுவண்ணாரப்பேட்டை காசிமா ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். கேரமோ கால்பந்தோ, இப்படியொரு பிள்ளை திறமை காட்டுவதற்கு முன்னால் பல வருடம் சும்மா ஆடியிருக்க வேண்டும். அந்தச் சும்மா ஆடும் வருடங்களைத்தான் மணிக்கணக்குக் கட்டணம் வெட்டிவிடும். இன்று நன்றாக ஆடுகிறவனுக்குச் சலுகை தரலாம். நாளைக்கு நன்றாக ஆடப்போகிறவன் யார் என்று கேட்டில் நிற்கிற ஆளுக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பகுதியில் காலி இடமே அரிது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், அலை அரித்துக் கல் கொட்டிய கரை, மேலே போனால் அனல்மின் நிலையங்களும் காமராஜர் துறைமுகமும். மெரினாவில் காசில்லாமல் காலாற நடக்கிற மாதிரியான மணல்வெளி இவர்களுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடு எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து நள்ளிரவில் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

பூங்கா நிலம் வருகிற வழியும் இங்கே குறுகலானது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுகிறவர் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது சென்னை விதி. பெரிய அடுக்ககங்கள் எழும் பகுதிக்கு அதனால் பூங்கா கிடைக்கும். நெருக்கமான பழைய சிறு மனைகளுக்கு அந்த விதியால் என்ன பயன்? காற்றும் கரையும் போய், பூங்காவும் குறைந்த இடத்தில், மிச்சமிருக்கிற திடலுக்கு நகரம் முழுக்க ஒரே விலை வைப்பது நியாயமே இல்லை.

பராமரிப்புக்குப் பணம் வேண்டும், அதை மறுக்கவில்லை. செயற்கைப் புல் பத்து வருடத்துக்குள் தேய்ந்துவிடும். நடுவில் ரப்பர் துகள் நிரப்ப வேண்டும், விளக்கு எரிய வேண்டும், கழிவறை கழுவ வேண்டும், வாட்ச்மேனுக்குச் சம்பளம் வேண்டும். ஆனால் தனியார் பராமரிப்பது வேறு, ஆடுகிறவன் காசு கொடுப்பது வேறு. ராயபுரம் மண்டலப் பொதுக் கழிவறைகளையே பாருங்கள். கட்டிப் பராமரிக்கும் பொறுப்பு தனியாருக்கு, பணம் கொடுப்பது மாநகராட்சி. அவசரத்துக்குப் போகிறவர் பையைத் தடவ வேண்டியதில்லை. திடலுக்கும் இதே ஏற்பாடு போதுமே.

கட்டணமே கூடாது என்பதல்ல என் கட்சி. கம்பெனிகள் நடத்தும் போட்டி, நுழைவுச்சீட்டு விற்கிற பந்தயம், படப்பிடிப்பு, பணம் வாங்கிப் பயிற்சி தரும் அகாடமி ஆகியவற்றிடம் நன்றாகவே வாங்கலாம். லாப வரம்பைத் தாண்டிய நிறுவனங்கள் 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மணலியிலும் எண்ணூரிலும் புகைபோக்கி வைத்திருப்பவர்களிடம் திடல் பராமரிப்பைக் கேட்பது பிச்சை கேட்பதல்ல. வாங்கிய பணம் பொதுக் கணக்கில் கரையாமல் அந்தந்தத் திடலுக்கே போக வேண்டும்.

நகரின் நடுவில் போக்கு வேறாக இருக்கிறது. 2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்குள் நுழையப் பெரியவருக்கு 100, சிறுவருக்கு 50 என்று வைத்தார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 300 ரூபாய். திருவொற்றியூரிலிருந்து அந்தத் தாய் சாதாரண அரசு பஸ்ஸில் இலவசமாக வந்துவிடலாம். வாசலைத் தாண்டுவதுதான் சிரமம்.

இலவசமாக இருந்ததற்குக் கட்டணம் கேட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே லிட்டில் ஸ்டோக்கில், 2016-ல் சனிக்கிழமைதோறும் பூங்காவில் இலவசமாக ஓடியவர்களிடம் பராமரிப்புக்கென்று கட்டணம் கேட்க உள்ளூர் மன்றம் முடிவெடுத்தது. ஓட்டத்தை நடத்தியவர்கள் அங்கே ஓடுவதையே நிறுத்தினார்கள். மன்றத்துக்குக் காசும் வரவில்லை, பூங்காவுக்கு ஓட்டமும் இல்லை.

1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் கூடிய கூட்டத்தில்தான் தி.மு.க.வின் தொடக்கம் அறிவிக்கப்பட்டது. அறிவிக்க வேறு மண்டபம் தேட வேண்டியிருக்கவில்லை. ஏழை எளியவர்கள் உள்ளே வர எந்தத் தடையும் இல்லாத பொது இடம் ஒன்று ராயபுரத்தில் இருந்தது. அந்தக் கட்சியின் கையில் இருந்த மன்றமே இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்ததும், எதிர்ப்பைக் கேட்டு இறங்கி வந்ததும் இரண்டுமே நினைவில் நிற்க வேண்டியவை.

2022 முதல் சென்னையில் வார்டு கமிட்டிகளும் ஏரியா சபைகளும் இருக்கின்றன. கட்டணம் என்ற பேச்சு மறுபடி எழுந்தால், முதலில் அங்கே வரட்டும். திடலின் வருடச் செலவு எவ்வளவு, யார் யார் ஆடுகிறார்கள், யாரிடம் எவ்வளவு வாங்கலாம் என்ற கணக்கைத் தமிழில் எழுதித் திடலின் கேட்டிலேயே ஒட்டட்டும். சபையை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், ஷிஃப்ட் முடிந்தவர்களும் பள்ளி விட்ட பிள்ளைகளும் வரக்கூடிய நேரத்தில், அந்தத் திடலிலேயே கூட்டட்டும்.